வரைபடத்தில் இல்லாத தெரு: புவியியலாளரிடம் சில கேள்விகள்

கேள்வி: உலகம் முழுவதையும் வரைந்து முடித்தாகிவிட்டதே, இனிப் புவியியலாளருக்கு என்ன வேலை?

பதில்: முடிந்துவிட்டது என்று நாம் நினைப்பதுதான் தவறு. 2010 ஜனவரியில் ஹெய்ட்டியை நிலநடுக்கம் உலுக்கியது. தலைநகர் போர்ட்-ஓ-பிரான்சின் பல தெருக்கள் பொது வரைபடங்களில் அப்போது இல்லை. யார் வேண்டுமானாலும் வரைந்து சேர்க்கக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பின் தன்னார்வலர்கள் பல நாடுகளில் இருந்தபடியே செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சில நாள்களில் தெருக்களையும் இடிந்த கட்டடங்களையும் முகாம்களையும் வரைந்தார்கள். மீட்புக் குழுவினர் அந்த வரைபடத்தைத் தங்கள் ஜிபிஎஸ் கருவிகளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். யாருடைய தெரு விடுபட்டிருக்கிறது, ஏன் விடுபட்டது? இந்தக் கேள்வியைத்தான் நான் புவியியலின் உயிர் என்பேன்.

கேள்வி: வெள்ளத்தை வானிலிருந்தே பார்த்துவிடலாமே, களப்பணி எதற்கு?

பதில்: ஐரோப்பாவின் சென்டினல்-1 போன்ற ரேடார் செயற்கைக்கோள்கள் மேகத்தையும் இருட்டையும் தாண்டிப் பார்க்கின்றன. அமைதியான நீர்ப்பரப்பு ரேடார் அலையை வேறு பக்கம் திருப்பிவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். வயல்வெளியில் இது அருமையாகப் பலிக்கும், நகரத்தில் ஏமாற்றும். நெருக்கமான வீடுகளுக்கு நடுவே அலை நீரிலும் சுவரிலும் பட்டுச் செயற்கைக்கோளுக்கே திரும்புவதால், வெள்ளம் நிற்கும் சந்தே வெளிச்சமாகத் தோன்றலாம். அங்கே நடந்து போய், சுவரில் படிந்த சேற்றுக் கோட்டை அளந்து, அந்த வீட்டுப் பாட்டியிடம் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கேள்வி: மகள் புவியியல் படிக்க ஆசைப்படுகிறாள். ஆசிரியர் வேலைதானே கிடைக்கும்?

பதில்: நல்ல ஆசிரியரும் தேவைதான். நகரத் திட்டமிடல், பேரிடர் மேலாண்மை, நோய்ப் பரவல் ஆய்வு, நிலத்தடி நீர் என்று வேறு வழிகளும் இருக்கின்றன. புள்ளியியலும் பைத்தான் என்ற கணினி நிரல் மொழியும் கொஞ்சம் கற்றுக்கொள்ளட்டும். 1972 முதல் எடுக்கப்பட்டுவரும் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் இலவசம். உங்கள் ஊர் ஏரி எப்படிச் சுருங்கியது என்பதை அவள் வீட்டுக் கணினியிலேயே இன்று பார்க்கலாம். அதைப் பார்த்த பிறகு அவளைத் தடுக்க உங்களுக்கு மனம் வராது.

கேள்வி: இந்த வேலையைச் செயற்கை நுண்ணறிவு பறித்துவிடுமா?

பதில்: படத்திலிருந்து கட்டடங்களைப் பிரித்தெடுக்கும் வேலையை அது மிக வேகமாகச் செய்கிறது. நானும் பயன்படுத்துகிறேன். ஆனால், மண் நிறத்தோடு கலந்திருக்கும் ஓலைக் கூரைகளை அது தவறவிடுவதுண்டு. அந்த வீடுகளைத் தேடித்தான் நாங்கள் போகிறோம்.