பழக்கிவிட்டால் பக்கத்துக் கம்பெனிக்குப் போகிறார்களே!

கேள்வி: திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். ஹெல்பராக வருகிறவர்களை ஓவர்லாக், பிளாட்லாக் தையல் மெஷின்களில் உட்காரவைத்துப் பழக்குகிறோம். கை தேர்ந்ததும் வேறு கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். இனி பயிற்சியே வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். சரிதானே?

பதில்: சரியில்லை. பழகியவர் தனியாக மெஷின் ஓட்டத் தொடங்கிய பிறகும் எத்தனை மாதம் அவருக்கு ஹெல்பர் சம்பளம் கொடுத்தீர்கள்? உங்கள் கடிதத்தில் சம்பளத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1964-லேயே இதை விளக்கியிருக்கிறார். எங்கு போனாலும் பிழைப்பு தரும் தொழிலைக் கற்கிறவர், கற்கும் காலத்தில் குறைந்த கூலிக்கு உழைத்து, பயிற்சிச் செலவைத் தானே ஏற்றுக்கொள்கிறார். அந்தக் கணக்கு தீர்ந்த பிறகும் பழைய கூலியையே நீட்டினால் கிளம்பத்தான் செய்வார்.

பயிற்சி கொடுத்தாலே ஆள் ஓடிவிடும் என்பதும் இல்லை. பெங்களூருவில் ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் என்ற ஆயத்த ஆடை நிறுவனத்தின் ஆலைகளில் பெண் தொழிலாளர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து ஆராய்ந்தார்கள். தையல் வகுப்பு அல்ல; தயங்காமல் பேசுவது, நேரத்தைத் திட்டமிடுவது, பணத்தைக் கையாள்வது போன்றவைதான். உற்பத்தி கூடியது. பயிற்சி முடிந்த எட்டு மாதத்தில், போட்ட செலவு போக அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் லாபம். பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக வேலையை விடவும் இல்லை. இத்தனைக்கும் சம்பளம் அரை சதவீதம்தான் கூடியது (எனக்கு இது உறுத்துகிறது). தயங்காமல் பேசுவது போன்ற திறமை பக்கத்துக் கம்பெனிக்காரர் கண்ணில் சட்டென்று படாது. ஓவர்லாக் ஓட்டும் கை அப்படியல்ல, பத்து நிமிடம் தைக்கச் சொன்னால் தெரிந்துவிடும். ஆகவே உங்கள் விஷயத்தில் கூலியை உயர்த்தாமல் தப்பிக்க முடியாது.

இன்னொன்று, யார் பழக்குகிறார்? பீஸ் ரேட்டில் (ஒரு பீஸுக்கு இவ்வளவு என்ற கூலியில்) தைக்கும் மூத்த டெய்லரிடம் புது ஆளை ஒப்படைத்தால், சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவருக்கு நஷ்டம். மேலுக்குக் காட்டிவிட்டுத் தன் மெஷினுக்குத் திரும்பிவிடுவார். பிறகு செக்கிங்கில் பீஸ் திரும்பி வரும்போது திட்டு வாங்குவது புது ஆள். சொல்லிக்கொடுக்கும் நேரத்துக்கு மூத்த டெய்லரின் வழக்கமான வருமானத்தைக் கணக்கிட்டுக் கொடுங்கள்.

புது ஆள் சேரும் நாளிலேயே, எந்த மெஷினைத் தனியாக ஓட்டினால் என்ன கூலி என்று எழுதி ஒட்டிவிடுங்கள். அதன் பிறகும் சிலர் போவார்கள். உங்களிடம் இப்போது இருக்கும் நல்ல டெய்லர்களில் எத்தனை பேர் வேறு கம்பெனியில் பழகி வந்தவர்கள் என்றும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.