டிரைவில் போட்டும் நகராத வண்டி: அவசரப்பட்டு கியர்பாக்ஸைப் பிரிக்க விடாதீர்கள்

கேள்வி: நான் கோத்தகிரியில் இருக்கிறேன். கோவையில் பழைய கார் விற்கும் ஒரு கடையில் 2013 மாடல் ஃபோர் வீல் டிரைவ் ஆட்டோமேட்டிக் எஸ்யூவியை 8 லட்சத்து 40 ஆயிரத்துக்கு, சொந்த உபயோகத்துக்காக வாங்கினேன். இரண்டாவது மாதமே மலை ஏறும்போது திடீரென்று இழுவை போய்விட்டது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. பார்க்கில் போட்டும் பின்னால் உருண்டதால் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். நண்பர் ஜீப்பில் கயிறு கட்டி ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வந்தார். கியர்பாக்ஸ் போய்விட்டது, இரண்டே முக்கால் லட்சம் ஆகும், நாளை பிரிக்கட்டுமா என்று கேட்கிறார்கள். விற்றவரோ, "உள்ள நிலையில் வாங்கிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், நாங்கள் வெறும் இடைத்தரகர்தான்" என்கிறார். வழக்குப் போட முடியுமா?

பதில்: போடலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒர்க்‌ஷாப்புக்கு போன் செய்து, எதையும் பிரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்பி வையுங்கள். வண்டியை வாங்கும்போதே பழுது இருந்தது என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். பிரித்துக் கொட்டிய கியர்பாக்ஸை வைத்துக்கொண்டு அதை நிரூபிப்பது பெரும்பாடு. எதிர்த்தரப்பு வக்கீல், "பிரித்தவர்தான் கெடுத்தார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, பார்க்கில் போட்டும் வண்டி உருண்டது என்பதுதான். இப்படிப்பட்ட வழக்குகளில் மெக்கானிக்குகளைக் குறுக்கு விசாரணை செய்யும்போது நான் முதலில் கேட்கும் கேள்வியும் இதுவே. லீவரை பார்க்கில் போட்டால் கியர்பாக்ஸின் வெளியேறும் தண்டை ஒரு கொக்கி பிடித்துக்கொள்ளும். அப்படியும் சக்கரம் உருள்கிறது என்றால், லீவரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிள் கழன்று, கியர் உண்மையில் நியூட்ரலிலேயே நின்றிருக்கலாம். அல்லது கியர்பாக்ஸுக்குப் பிறகு இருந்து முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் மாட்டியிருக்கலாம், பின்பக்க ஷாஃப்டோ ஆக்ஸிலோ உடைந்திருக்கலாம். கொக்கியே உடைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் மற்றவற்றைப் பார்க்காமலேயே கியர்பாக்ஸ் போய்விட்டது என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். கேபிள் முனையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் வளையம் (புஷ்) தேய்ந்து கழன்றாலும் இதே அறிகுறிதான் வரும், அதற்கு ஆகும் செலவு இரண்டே முக்கால் லட்சத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

அதனால் இன்னொரு மெக்கானிக்கை அழைத்துச் சென்று கேபிள், டிரான்ஸ்ஃபர் கேஸின் ஷிஃப்ட் மோட்டார், ஷாஃப்டுகள் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லி, கண்டதை லெட்டர்பேடில் கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள். ஸ்கேனர் போட்டால், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும் பழுதுக் குறியீடுகளை (எர்ரர் கோட்) அழிப்பதற்கு முன் பிரிண்ட் எடுங்கள். சில வண்டிகளில் அந்தக் குறியீடு முதலில் எத்தனையாவது கிலோமீட்டரில் பதிவானது என்பதும் இருக்கும். அது நீங்கள் வாங்கிய நாளின் கிலோமீட்டருக்கு முந்தியது என்றால் பாதி வழக்கு அங்கேயே முடிந்தது. கியர் ஆயில் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் ஒரு பாட்டிலில் எடுத்து சீல் வையுங்கள். முடிந்தால் விற்றவரின் ஆளையும் வரச்சொல்லி, அவர் எதிரிலேயே.

கயிறு கட்டி இழுத்ததை மறைக்காதீர்கள். நாலு சக்கரமும் தரையில் உருள ஆட்டோமேட்டிக் வண்டியை இழுத்தால் கியர்பாக்ஸுக்கு உள்ளே ஆயில் ஓடாமல் சேதமாகலாம், விற்றவர் நிச்சயம் இதைப் பிடித்துக்கொள்வார். எவ்வளவு தூரம், என்ன வேகம் என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுவதுதான் பாதுகாப்பு. இனி வண்டியை நகர்த்துவதென்றால் லாரியில் ஏற்றித்தான்.

இப்போது அந்தக் கையெழுத்து. அதற்கு மதிப்பே இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இப்படி ஒப்பந்தம் செய்துகொள்ள இடம் தருகிறது, 12 வருட வண்டியில் தேய்மானம் இருக்கும் என்பதும் நியாயம்தான். ஆனால் தெரிந்த பழுதை மறைத்துவிட்டு, விளம்பரத்தில் "கியர்பாக்ஸ் பக்கா கண்டிஷன்" என்று போட்டிருந்தால் எந்தக் கையெழுத்தும் அந்தப் பொய்யைக் காப்பாற்றாது. அந்த விளம்பரம், அவர் அனுப்பிய மெசேஜ், பழைய சர்வீஸ் பில்கள் எல்லாவற்றையும் இன்றே பத்திரப்படுத்துங்கள், போனை மாற்றிவிடாதீர்கள்.

"வெறும் இடைத்தரகர்" என்ற பேச்சும் அவ்வளவு சுலபமாக எடுபடாது. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி விற்பவர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் வாங்க வேண்டும், உரிமையாளர் வண்டியை ஒப்படைத்ததை 29சி படிவத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தப் படிவத்தைக் கேளுங்கள், பணம் யார் கணக்குக்குப் போனது என்பதையும் பாருங்கள். ஒருவேளை எல்லாமே பழைய உரிமையாளரின் பெயரில் நேரடியாக நடந்திருந்தால், அவர் மீது நுகர்வோர் வழக்கு நிற்காது, சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

கடைதான் விற்றது என்றால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது ஊட்டியில் உள்ள நீலகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் கொடுக்கலாம். கோவைக்கு அலைய வேண்டாம். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலை கொடுத்தவருக்குக் கட்டணம் 200 ரூபாய், காலக்கெடு 2 ஆண்டு. மனுவோடு சேர்த்தே, 38-ஆம் பிரிவின்கீழ் வண்டியை நிபுணர் சோதனைக்கு அனுப்பக் கேளுங்கள். முழு விலையையும் திருப்பித் தரும்படி கேட்பதை மாற்றுக் கோரிக்கையாக வைத்துக்கொண்டு, ரிப்பேர் செலவையும் நஷ்டஈட்டையும் முதலில் கேளுங்கள். இவ்வளவு பழைய வண்டிக்கு அதுதான் கிடைக்கக்கூடியது என்பது என் கணிப்பு. இன்சூரன்ஸை நம்பாதீர்கள், சாதாரண பாலிசியில் இயந்திரப் பழுது சேராது.

முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து, வண்டியை வந்து பார்க்கும்படி கடைக்கு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். வரவில்லை என்றால் நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததற்கான சான்றும் உங்களுக்குச் சாட்சிதான்.