பார்னி எங்கே போனார்?

கேள்வி: எண்பதுகளில் வட கரோலினாவில் படித்தபோது, சாயங்காலம் ஆனால் ‘தி ஆண்டி கிரிஃபித் ஷோ’ என்ற பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் மறுஒளிபரப்புக்கு உட்கார்ந்துவிடுவேன். மகள் இப்போது அங்கிருந்து டிவிடி அனுப்பியிருக்கிறாள். என் பிளேயர் அதை ஏற்க மறுக்கிறது. இன்டர்நெட்டில் கிடைத்ததோ கலரில் வருகிறது, ஷெரிஃப் (ஊர் போலீஸ் அதிகாரி) ஆண்டியின் உதவியாளர் பார்னியைக் காணோம். இன்னோர் இடத்தில் பார்னி இருக்கிறார், ஆனால் அந்த விசில் இசை இல்லை. என்னதான் நடக்கிறது? – ஒரு வாசகர், திருச்சி

பதில்: டிவிடியில் கோளாறு இல்லை. அமெரிக்க டிவிடியின் ரீஜன் எண் (எந்தப் பகுதிப் பிளேயரில் ஓடும் என்ற பூட்டு) 1, நம்முடையது 5. ‘ஆல் ரீஜன்’ என்று போட்ட பிளேயராகக் கேட்டு வாங்குங்கள். கம்ப்யூட்டர் டிரைவிலும் ரீஜனை மாற்றலாம், ஆனால் ஐந்தே தடவைதான். அப்புறம் கடைசியாக வைத்த எண்ணிலேயே பூட்டிக்கொள்ளும். வீட்டில் நம் ஊர் ‘பால்’ (PAL) முறையில் மட்டும் ஓடும் பழைய டிவி இருந்தால் அமெரிக்க டிவிடி அதில் கறுப்பு வெள்ளையாகத் தெரியக்கூடும். உங்களுக்கு அதில் பெரிய நஷ்டமில்லை, ஏனென்றால் நீங்கள் தேடுவதே கறுப்பு வெள்ளைதான்.

தொடர் 1960 முதல் 1968 வரை எட்டு சீசன், மொத்தம் 249 எபிசோட். முதல் ஐந்து சீசனின் 159 எபிசோடும் கறுப்பு வெள்ளை, மீதி 90 கலர். பார்னியாக நடித்த டான் நாட்ஸ் ஐந்தாவது சீசனோடு விலகினார். ஐந்து வருஷத்தோடு முடித்துக்கொள்வதாக நாயகன் ஆண்டி கிரிஃபித் சொல்லியிருந்ததால், நாட்ஸ் யுனிவர்சல் சினிமா கம்பெனியில் ஒப்பந்தம் போட்டுவிட்டார். ஆண்டியோ பிறகு மனம் மாறித் தொடர்ந்தார். கலர் வந்ததும் பார்னி போனதும் ஒரே வருஷம், 1965. ஆகவே கலரில் ஓடினால் பார்னிக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆண்டியும் அந்தக் கலர் சீசன்களில் கொஞ்சம் சிடுசிடுப்பாகத்தான் தெரிவார். பக்கத்தில் அலட்டிக்கொள்ள ஆள் இருந்தால்தானே அவருடைய நிதானம் எடுபடும்!

விசில் விஷயம் வேறு. மூன்றாம் சீசனின் சில எபிசோடுகளுக்கு உரிமை காலாவதி என்று நினைத்துச் சின்னக் கம்பெனிகள் மலிவு டிவிடி போட்டன. ஏர்ல் ஹேகனின் விசில் இசைக்குத் தனி உரிமை என்பதால் அதை எடுத்துவிட்டு வேறு இசையை ஒட்டினார்கள். தொடக்கத்தில் அப்பாவும் மகனும் தூண்டிலோடு நடந்து வரும்போது விசில் கேட்காவிட்டால் அந்தப் பதிப்பை ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்து நிமிஷக் கணக்கைப் பாருங்கள். முழு எபிசோட் 25 நிமிஷத்துக்கு மேல் இருக்கும். 22 என்று காட்டினால், மறுஒளிபரப்பில் கூடுதல் விளம்பரத்துக்காக வெட்டிய பிரதி அது. பெரும்பாலும் முதலில் கத்தரி விழுவது கதை முடிந்தபின் வரும் குட்டிக் காட்சிக்கு. எண்பதுகளில் நீங்கள் பார்த்ததிலேயே பல எபிசோடுகளுக்கு அது இருந்திருக்காது!

முகங்கள் அகலமாகத் தெரிந்தால் டிவி ரிமோட்டில் படத்தின் அளவை 4:3க்கு மாற்றுங்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். ‘ஜூம்’ வைத்தால் தலையும் காலும் போய்விடும். ‘மோஷன் ஸ்மூத்திங்’ என்ற வசதியையும் அணைத்துவிடுங்கள். ஃபிலிமில் எடுத்த தொடர் இது. அந்த வசதி ஓடினால் படம் மலிவு வீடியோ மாதிரி வழுவழுவென்று ஆகிவிடும்.

எங்கே தொடங்குவது என்றால், மூன்றாம் சீசனின் ‘மேன் இன் எ ஹர்ரி’. ஞாயிற்றுக்கிழமை கார் கெட்டுப்போய், கதை நடக்கும் சின்ன ஊரான மேபெரியில் மாட்டிக்கொள்கிறார் ஒரு பெரிய வியாபாரி. போன் செய்யலாம் என்றால் பலரும் பகிரும் ஒரே லைனில் இரண்டு கிழவிகள் கால் மரத்துப்போவதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திண்ணையில் பார்னி, வீட்டுக்குப் போய் ஒரு தூக்கம் போட்டுவிட்டு காதலி தெல்மா லூ வீட்டில் டிவி பார்க்கப் போவதாகச் சொல்கிறார். அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார், எழுந்திருக்கத்தான் காணோம். வெட்டிய பிரதியில் இந்த இழுவை குறைந்தால் நகைச்சுவையும் போச்சு.

கலர் சீசன்களை முழுக்கத் தள்ள வேண்டாம். டான் நாட்ஸ் விருந்தாளியாக ஐந்து தடவை திரும்பி வந்தார். இந்தப் பாத்திரத்துக்காக அவர் வாங்கிய ஐந்து எம்மி (அமெரிக்க டிவி) விருதுகளில் இரண்டு அப்படி வந்து போனதற்குக் கிடைத்தவை. ‘தி ரிட்டர்ன் ஆஃப் பார்னி ஃபைஃப்’, ‘பார்னி கம்ஸ் டு மேபெரி’ என்ற தலைப்புகளில் தேடுங்கள்.