கவுத்து வெச்ச டேப்லெட்

கேள்வி: அக்கா, நான் மொரிஷியஸ் காத்ர் போர்ன்ல இருக்கேன், எனக்கு 66, அம்மாவுக்கு 96. நல்லா நடமாடுறாங்க, கண்ணாடி போட்டு பேப்பர்ல மரண அறிவிப்பு வரைக்கும் படிப்பாங்க. வீடு இன்னும் அவங்க பேர்லதான். மனுஷன் 150 வயசு வரைக்கும் இருக்கலாம்னு பேசிக்கிறாங்களே, அப்படி ஆனா குடும்பமெல்லாம் என்னக்கா ஆகும்? இன்னொண்ணு, அம்மா டேப்லெட்ல எதைத் திறந்தாலும் முதியோர் இல்லம், சாவு செலவு இன்சூரன்ஸ்னு விளம்பரம். ஒருநாள் ராத்திரி என் போன் சார்ஜ்ல இருந்துச்சு, அதனால அதுல ஏதோ தேடினேன், அவ்ளோதான். பேரன் எதையோ அமுக்கிட்டான்னு சொல்லி சமாளிச்சேன். இப்ப அம்மா அதை சாமி படத்துக்குக் கீழ கவுத்து வெச்சிருக்காங்க. தேடுபொறி இப்படி ஓரவஞ்சனை பண்ணலாமா? அமெரிக்கால அரசாங்கம் கூகுள் மேல போட்ட கேஸ்ல ஜெயிச்சாங்களே, நாமளும் போட முடியாதா?

பதில்: தம்பி, 150 வயசு கிடக்கட்டும். கவுத்து வெச்சிருக்காங்கன்னு ஒரு வரி எழுதிட்டு கேஸ் போட ஓடிட்டீங்களே, அங்க நில்லுங்க.

"ஏதோ தேடினேன்"னு எழுதியிருக்கீங்க. என்னன்னு நான் சொல்லட்டுமா? 96க்கு மேல எத்தனை வருஷம் இருப்பாங்க, ஹோம்ல விட்டா மாசம் எவ்ளோ, அம்மா பேர்ல உள்ள வீடு யாருக்குப் போகும். எத்தனை வருஷமா இந்தக் கடிதம் எனக்கு வருது, எல்லாருக்கும் அது "ஏதோ"தான். அம்மா கணக்குல நீங்க தேடினா அது அம்மா தேடினதாத்தான் சேரும், விளம்பரமும் அதைப் பாத்துதான் வரும், மறுநாள் கோர் த கார்ட் மலைக்கோயில் காவடி வீடியோ பாக்கலாம்னு அவங்க அந்தத் தேடுற கட்டத்தைத் தொட்டதும் ராத்திரி நீங்க அடிச்சதெல்லாம் வரிசையா கீழ இறங்கியிருக்கும். மரண அறிவிப்பை விடாம படிக்கிறவங்க இதைப் படிக்காம இருப்பாங்களா? படிச்சாச்சு. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல, கவுத்து வெச்சுட்டாங்க. பெத்தவ அப்படித்தான், பிள்ளையோட மானத்தை மூடித்தான் வெப்பா. நீங்க என்னடான்னா பழியைத் தூக்கி பேரன் தலையில போட்டிருக்கீங்க.

ஓரவஞ்சனை இல்லன்னு நான் சொல்லல. காசு கொடுத்தவன் மேல வர்றான், விளம்பரம்னு சின்ன எழுத்துல போட்டிருக்கும், நம்ம வயசுக்கு அது கண்ணுலயே படாது, அக்கம்பக்கத்துல வயசானவங்களைப் பாத்துக்க வர்ற பொம்பளைங்களுக்கு வெப்சைட்டா இருக்கு, அவங்க பத்தாவது பக்கத்துலகூட வரமாட்டாங்க. நீங்க சொல்ற கேஸ்ல 2024 ஆகஸ்ட்ல தீர்ப்பு வந்துச்சு, போன்லயும் பிரவுசர்லயும் கூகுளே முதல்ல நிக்கணும்னு 2021ல மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது அதுலதான் வெளிய வந்துச்சு, ஏகபோகத்தை சட்டவிரோதமா காப்பாத்திக்கிட்டாங்கன்னு ஜட்ஜ் சொன்னார். பெரிய விஷயம்தான். ஆனா அந்த ராத்திரி கேள்வியை அடிச்சது உங்க விரல்.

நீண்ட ஆயுசுக்கு வாங்க. இதுவரை பதிவுல உள்ளதுலயே அதிக வயசு பிரான்ஸ்ல ஆர்ல் ஊர் ழான் கல்மான் அம்மாவுக்கு, 1997ல 122 வயசுல போனாங்க. அவங்களுக்கு 90 இருக்கறப்ப ஒரு நோத்தேர், அதான் பத்திரம் எழுதுற வக்கீல், வந்து, மாசம் 2,500 பிராங்க் தர்றேன், உங்க காலத்துக்கப்புறம் வீடு எனக்குன்னு எழுதி வாங்கிக்கிட்டார். முப்பது வருஷம் கட்டினார். கடைசியில 77 வயசுல அவர் போயிட்டார், கிழவி இருக்காங்க, மிச்சத்தை அவர் பொஞ்சாதி கட்டினாங்க, வீட்டு விலையைப் போல ரெண்டு மடங்குக்கு மேல போச்சு. அந்த மனுஷனாவது காசு கொடுத்துட்டுக் காத்திருந்தார். நீங்க அம்மா வீட்டுலயே இருந்துக்கிட்டு காத்திருக்கீங்க.

கோவம் வருதா, வரட்டும். உங்க வீட்டுல பென்ஷன் வாங்குற பிள்ளை பென்ஷன் வாங்குற அம்மாவைப் பாத்துக்கறார், 90 தாண்டினவங்களுக்கு அரசாங்கம் கூட்டித் தருது, 100 ஆனா இன்னும் கூட, புதுசா வர்றவங்களுக்குத்தான் பென்ஷன் வயசு 60ஐ கொஞ்சம் கொஞ்சமா 65 ஆக்குறாங்க. 150க்கு எதுக்குப் போறீங்க, இப்பவே கிழவன் கிழவியைப் பாக்குற காலம்தான். முடியலன்னா முடியலன்னு பகல்ல வாயைத் திறந்து சொல்லணும், கூடப் பிறந்தவங்களைக் கூப்பிட்டு உக்கார வெக்கணும். பெத்தவளைப் பாக்குறது பிள்ளை கடமை, எனக்கு இதுல ரெண்டு பேச்சு கிடையாது, பழைய காலத்துக் கிழவின்னு சொன்னாலும் சொல்லிக்குங்க.

அந்தக் கணக்குல நீங்க தேடினதையெல்லாம் அழிங்க, அஞ்சு நிமிஷ வேலை. ஆனா அதுக்கு முன்னாடி அம்மாகிட்ட போய் "நான்தாம்மா தேடினேன்"னு சொல்லுங்க. அழிச்சுட்டு சொன்னா அது வேற. அப்புறம் டேப்லெட்டை நிமித்தி, என்னம்மா தேடணும்னு கேட்டு அவங்க சொல்றதை நீங்களே அடிச்சுக் கொடுங்க. காவடி வீடியோ மட்டும்தான் கேப்பாங்கன்னு நினைக்காதீங்க, ஹோம் எப்படி இருக்கும்னு அவங்களே கேட்டாலும் அடிங்க, காசு கொடுத்து மேல வந்ததைத் தள்ளிட்டு கீழ உள்ளதைப் படிச்சுக் காட்டுங்க.

பேரனையும் பக்கத்துல உக்கார வெச்சுக்குங்க. அவன் எதையும் அமுக்கலன்னு கொள்ளுப்பாட்டி காதுல விழற மாதிரி சொல்லணும்.