பத்து நாளில் ஏற்பட்ட மாற்றத்துக்கு அல்சைமர் காரணம் அல்ல

கேள்வி: டொக்டர், எனக்கு 53 வயது, வெள்ளவத்தையில் இருக்கிறேன். அம்மாவுக்கு 79. நாலு வருடமாக அல்சைமருக்கு டொனெபெசில் எடுக்கிறார், இருதயத்துக்கு அஸ்பிரினும் உண்டு. பத்து நாளாக வருத்தம் முற்றிவிட்டது. பகலெல்லாம் நித்திரை, கூப்பிட்டால் பாதிப் பதில்தான், நடையும் தள்ளாடுகிறது. போன மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார், காயம் எதுவும் இல்லை. இரவில் தூங்கட்டும் என்று பார்மசியில் கேட்டு, தடிமனுக்கு எடுக்கும் பிரிட்டோன் குளிசை கொடுக்கிறேன். அறிகுறி தெரிவதற்கு 20 வருடம் முன்பே மூளையில் இந்த நோய் தொடங்கிவிடும் என்று ஒரு மூளை விஞ்ஞானி யூடியூப்பில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. எனக்கும் பெயர்கள் மறக்கின்றன, சாவியைத் தேடுகிறேன். நானும் அம்மாவும் ஞாபகசக்திக்கு கிங்கோ என்ற மூலிகைக் குளிசை எடுக்கிறோம். எனக்குப் பிரஷர் 150 இருந்தது, குளிசை தொடங்கவில்லை. அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா? மரபணுப் பரிசோதனை செய்யட்டுமா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: மேலே வாசிக்க முன் அம்மாவை வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். இன்றே போக வேண்டும். 1990-க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அடுத்த கிளினிக் திகதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நீங்கள் கேட்ட அந்த விஞ்ஞானி சொன்னது சரிதான். அமிலாய்ட் என்ற புரதம் மூளையில் படியத் தொடங்கி, மறதி வெளியே தெரிய 15, 20 வருடங்கள் ஆகலாம். டவ் என்ற இன்னொரு புரதம், நினைவுக்கும் வழி கண்டுபிடிப்பதற்கும் உதவும் ஒரு சிறு பகுதியில் முதலில் சிக்கலாகி, பிறகு வருடக்கணக்கில் மெல்ல மெல்லப் பரவும். 1901-இல் பிராங்க்பர்ட் வைத்தியசாலைக்கு வந்த ஒரு பெண்ணின் மூளையை, அவர் இறந்த பிறகு 1906-இல் ஆராய்ந்துதான் அலோய்ஸ் அல்சைமர் இந்த நோயை விவரித்தார். அன்றிலிருந்து இன்றுவரை ஆராய்ச்சிகள் காட்டுவது ஒன்றுதான்: இது மெதுவாக நகரும் நோய்.

அந்தப் பேச்சைக் கேட்டு உங்களைப் பற்றிப் பயந்துவிட்டீர்கள். அதிலிருந்து அம்மாவைப் பற்றி நீங்கள் எடுத்திருக்க வேண்டிய பாடம் வேறு. இருபது வருடக் கணக்கில் நகரும் நோய் பத்து நாளில் பாயாது. போன மாதம் உங்களோடு இருந்து சாப்பிட்டு, பேசி, நடந்து திரிந்தவர் இந்த மாதம் பகலெல்லாம் தூங்குகிறார் என்றால் அல்சைமருக்கு மேல் வேறு ஏதோ வந்து சேர்ந்திருக்கிறது. அந்த வேறு ஏதோ பெரும்பாலும் சிகிச்சைக்குக் கட்டுப்படுவது. அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

எனக்கு முதல் பயம் அந்த வழுக்கல். வயதானவர்களின் மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கும். அதனால் மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையே ஓடும் மெல்லிய இரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கும். சின்ன அடியிலும் அதில் ஒன்று கிழிந்து இரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசியலாம். தலையில் காயமே தெரியாமல் இருக்கலாம். இரண்டு, மூன்று வாரம் ஒன்றும் நடக்காதது போலிருந்து, பிறகு அந்த இரத்தக் கட்டு மூளையை அழுத்தத் தொடங்கும். அப்போது வருவதுதான் தூக்கம், தள்ளாட்டம், குழப்பம். சிலருக்குத் தலையிடி வரும், சிலருக்கு ஒரு பக்கக் கை கால் சோரும். அஸ்பிரின் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து கூட. கிங்கோவும் இரத்தம் உறைவதைக் கொஞ்சம் தடுக்கக்கூடியது, அதையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறீர்கள். ஒரு சி.டி. ஸ்கேனில் இது தெரிந்துவிடும். தேவைப்பட்டால் மண்டையோட்டில் சிறு துளை போட்டு இரத்தத்தை வெளியேற்றுவார்கள். 79 வயதிலும் இதைச் செய்கிறோம், நன்றாகத் தேறி எழுந்து நடப்பவர்கள் உண்டு.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் அதோடு விட்டுவிடவும் கூடாது. சிறுநீரில் கிருமி, நெஞ்சில் சளி, இரத்தத்தில் உப்போ சீனியோ குறைவது, தண்ணீர் போதாமை, பல நாள் மலச்சிக்கல் என்று எதுவும் வயதானவரின் மூளையை இப்படிக் குழப்பலாம். சத்தம் போட்டு ஆர்ப்பாட்டம் செய்தால் வீட்டார் உடனே தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். அமைதியாகத் தூங்கினால் "பாவம், களைப்பு" என்று விட்டுவிடுவார்கள். அமைதியாக இருப்பவர்களைத்தான் நாங்கள் பிந்திப் பார்க்கிறோம், ஆபத்தும் அவர்களுக்குத்தான் அதிகம்.

வைத்தியசாலையில் எப்படிச் சொல்வது என்பதும் முக்கியம். "அம்மாவுக்கு மறதி நோய்" என்று தொடங்காதீர்கள். எல்லாவற்றையும் அந்த நோயின் கணக்கில் எழுதிவிடும் பழக்கம் எங்கள் தொழிலிலும் உண்டு. "போன மாதம் விழுந்தார், அஸ்பிரின் எடுக்கிறார், பத்து நாளுக்கு முன் இப்படி இருக்கவில்லை" என்று தொடங்குங்கள். முன்பு அவரால் என்ன செய்ய முடிந்தது, இப்போது எது முடியவில்லை என்று சொல்லுங்கள். வீட்டில் உள்ள எல்லா மருந்தையும், கிங்கோ உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

அந்தப் பையில் பிரிட்டோனும் இருக்க வேண்டும், ஆனால் இன்றிரவிலிருந்து அதைக் கொடுக்க வேண்டாம். இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அல்சைமர் நோயாளிகளின் மூளையில் அசிடைல்கோலின் என்ற இரசாயனம் குறைந்துபோகிறது என்பதை 1970களில் கண்டுபிடித்தார்கள். அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டத்தான் டொனெபெசில். பிரிட்டோனில் உள்ள குளோர்பெனிரமின் அதே அசிடைல்கோலினின் வேலையைத் தடுக்கும். ஒரு மருந்து கொடுக்க முயல்வதை மற்றது பறிக்கிறது. வயதானவர்களின் உடம்பிலிருந்து அது சீக்கிரம் போவதுமில்லை, மறுநாள் பகலிலும் நின்று மயக்கும், விழவும் வைக்கும். தடிமனுக்கு வாங்கும் குளிசைதானே என்று பார்மசிக்காரரிடம் கேட்டு மூளை வருத்தம் உள்ளவருக்குக் கொடுப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். நித்திரை வராதது தொந்தரவு என்றால் அதை அம்மாவின் வைத்தியரிடம் சொல்லுங்கள். டொனெபெசிலையும் அஸ்பிரினையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், அதை ஸ்கேன் பார்த்த பிறகு அவர்கள் தீர்மானிப்பார்கள்.

இனி உங்கள் பயம். பெயர் உடனே நினைவுக்கு வராமல் பிறகு வருவதும் சாவி தேடுவதும் 53 வயதில், அதுவும் நோயாளியான தாயை இரவு பகலாகப் பார்க்கும் ஒருவருக்கு, நோய் அல்ல. மறந்ததையெல்லாம் திகதி போட்டு எழுதி அனுப்பக்கூடிய மூளையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பழகிய வீதியில் வழி தவறினால், மாதாமாதம் செய்த கணக்கு ஓடாமல் போனால், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பதாகப் பக்கத்தில் இருப்பவர்கள் சொன்னால் வாருங்கள்.

அம்மாவுக்கு நோய் வந்தது எழுபது வயதைத் தாண்டித்தான். தாயிடமிருந்து பிள்ளைக்கு நேராக இறங்கும் மரபணு வகை மொத்த நோயாளிகளில் 100-க்கு ஒருவருக்கும் குறைவு, அதுவும் பெரும்பாலும் 65-க்கு முன்பே வரும். உங்கள் ஆபத்து மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடத்தான், ஆனால் வந்தே தீரும் என்ற கணக்கு இல்லை. ஆபத்தைக் கூட்டும் ஏபிஓஈ-4 என்ற மரபணு இருந்தும் நோய் வராதவர்கள் உண்டு, இல்லாமலே வந்தவர்களும் உண்டு. அதைத் தெரிந்துகொண்டு நீங்கள் செய்யப்போவது எதுவும் மாறாது. பரிசோதனை வேண்டாம்.

மூளையில் புரதம் படிந்தாலே முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் 1986-இல் தொடங்கிய ஆய்வில் 678 கன்னியாஸ்திரிகள் சேர்ந்தார்கள். இறந்த பிறகு மூளையையும் ஆராயக் கொடுத்தார்கள். உள்ளே நோயின் தடயங்கள் நிறைந்திருந்தும் கடைசிவரை தெளிவாக இருந்தவர்கள் அவர்களிடையே இருந்தார்கள்.

கிங்கோவைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 3,000-க்கு மேற்பட்ட முதியவர்களிடம் வருடக்கணக்கில் கொடுத்துப் பார்த்து 2008-இல் முடிவு வெளியிட்டார்கள். மறதி நோயை அது தடுக்கவில்லை. இருவரும் நிறுத்துங்கள்.

உங்கள் கடிதத்தில் உங்கள் மூளைக்கு உண்மையில் கெடுதியானது அந்த 150 தான். அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். 2024-இல் லான்செட் என்ற மருத்துவ சஞ்சிகையின் ஆணைக்குழு, மறதி நோய்களில் ஏறக்குறைய 45 வீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்று 14 காரணங்களைச் சொன்னது. நடு வயதில் கூடிய பிரஷர் அதில் ஒன்று. கேள்திறன் குறைவு, சீனி வருத்தம், கெட்ட கொழுப்பு, புகைத்தல், உடற்பயிற்சி இல்லாமை ஆகியவையும் அதில் உண்டு. பிரஷரை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களிடம் நினைவாற்றல் சரிவின் ஆரம்ப நிலை குறைந்ததை 2019-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வும் காட்டியது.

அம்மாவின் விஷயம் ஒரு முடிவுக்கு வந்ததும், ஒரு வாரம் காலையும் மாலையும் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் பிரஷர் அளந்து எழுதுங்கள். சராசரி 135-க்கு 85-ஐத் தாண்டினால் வைத்தியர் குளிசை தருவார். அதை எடுங்கள்.