ஆமை பேசட்டும், ஓட்டுக்குள் ஒளிய வேண்டாம்

கேள்வி: பாம்பன் பக்கம் ஒரு பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகள் கடல் ராஜ்யக் கதைகளைப் போட்டி போட்டுக்கொண்டு படிக்கிறார்கள். ஆமை பேசுகிறது, ஆக்டோபஸ் மந்திரம் போடுகிறது. இதை வைத்தே கடல் உயிரினங்களைச் சொல்லித்தரலாமா? தவறான அறிவியல் மனதில் பதிந்துவிடுமோ?

பதில்: தாராளமாகச் சொல்லித்தரலாம். மந்திரத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். வலையில் வந்த பேய்க்கணவாயை, அதாவது ஆக்டோபஸை, தொட்டுப் பார்த்து வளரும் பிள்ளைகள், அது மந்திரக்கோல் பிடிக்கும் என்று நம்பிவிட மாட்டார்கள். மனதில் ஒட்டிக்கொள்வது உண்மை மாதிரியே இருக்கும் சின்னப் பிழைகள்தான்.

சுறாவைக் கண்டதும் ஆமை தலையையும் காலையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது என்று ஒரு வரி வரும். குளத்து ஆமைக்குச் சரி. கடலாமையால் அது முடியாது. துடுப்புக் கால்கள் எப்போதும் வெளியேதான் இருக்கும். கடல் குதிரை அம்மா குட்டிகளைச் சுமப்பதாகப் படம் போட்டிருப்பார்கள். நிஜத்தில் பெண் தன் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பைக்குள் இட்டுவிடும்; சுமப்பதும் பெறுவதும் அப்பாதான். கடல் பசு மீனை விரட்டித் தின்றால் அதுவும் தப்பு. அது கடல்புல் மேய்கிற பிராணி, மூச்சுவிடச் சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும்.

முதல் நாள் கதையை முழுசாகப் படித்துவிடுங்கள். நடுவில் நிறுத்தி “இது தப்பு” என்றால் கதையும் போச்சு, பாடமும் போச்சு. மறுநாள் ஒரே ஒரு பிராணியை மட்டும் எடுங்கள். “இந்த ஆமை செய்ததில் நிஜ ஆமையாலும் முடிவது எது?” என்று கேட்டுவிட்டு, வீட்டில் விசாரித்து வரச் சொல்லுங்கள். கடலுக்குப் போகும் தாத்தாவும் பாசி எடுக்கப் போகும் அம்மாவும் சொல்லி அனுப்பும் பதில்கள் வகுப்பில் மோதிக்கொள்ளும். மோதட்டும். அவர்கள் சொல்வதும் எல்லாம் சரியாக இருந்துவிடாது, நீங்களும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் கதையைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். ஆமை பேசலாம், கிரீடம்கூட வைத்துக்கொள்ளலாம். உடம்பு மட்டும் நிஜ ஆமையின் உடம்பாக இருக்க வேண்டும். ஓட்டுக்குள் ஒளியவும் முடியாது, மூச்சுக்கு மேலே வேறு வர வேண்டும் என்றால் அது சுறாவிடம் எப்படித் தப்பும்? இதை யோசிக்கிற பிள்ளைக்குப் பாடத்தைத் தனியாக ஒப்பிக்கச் சொல்லத் தேவையில்லை. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், ரத்தம் நீலம் என்று சொல்லிப் பாருங்கள். மந்திரக்கோலைப் பிள்ளைகளே தூக்கிப் போட்டுவிடுவார்கள். சுறா மட்டும் எல்லாக் கதையிலும் வில்லனாக வருவது எனக்குப் பிடிப்பதில்லை. ஒரு தடவையாவது அதன் பக்கத்திலிருந்து எழுதச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். “கரையிலிருந்து ஏதாவது கொண்டுவாருங்கள்” என்று வீட்டுப்பாடம் கொடுக்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் வனஉயிரினச் சட்டப் பாதுகாப்பில் இருப்பவை. கண்டதை நோட்டில் வரைந்துகொண்டு வந்தால் போதும்.