தொண்டை உள்ள குரல்

அன்புள்ள அக்கா,

மொழியியலில் முதுகலை முடித்திருக்கிறேன். செம்பூரில் வீடு. மனிதக் குரலைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. மருத்துவர்களுக்குக் குரல் ஓர் உறுப்பு, இசைக்காரர்களுக்குச் சுருதி, சமூகவியலில் அது உரிமை. இந்தத் துறைகள் ஒன்றோடொன்று பேசுவதே இல்லை. ‘குரலற்றவர்களின் குரல்’ என்ற கோணத்தில் இவற்றை இணைக்கலாம் என்று நினைக்கிறேன். எந்தக் கோட்பாட்டில் தொடங்கலாம்? கணினி உருவாக்கும் குரல்களையும் சேர்த்துக்கொள்ளலாமா?

க., மும்பை

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலை, தெருவில் இட்லிக்காரரின் ஹார்ன் கேட்டு அப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

கணினிக் குரலை இப்போதைக்கு விடுங்கள். கோட்பாடு எதையும் படிக்கலாம், தப்பில்லை. துறைகள் பேசிக்கொள்வதில்லை என்ற புலம்பல் மட்டும் வேண்டாம். 1854ல் தன் குரல்நாண்கள் அசைவதைக் கண்ணாடியில் பார்த்த மானுவேல் கார்சியா பாட்டு வாத்தியார். பல் மருத்துவரின் சிறு கண்ணாடி, ஒரு கைக்கண்ணாடி, வெயில், இவ்வளவுதான் அவரிடம் இருந்தது. அவர் எந்தத் துறையையும் இணைக்கப் புறப்படவில்லை. தன் தொண்டைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டார்.

உங்கள் தலைப்பில்தான் எனக்குக் கோபம். ‘குரலற்றவர்கள்’ என்று எத்தனை எளிதாக எழுதிவிட்டீர்கள்! அப்படி ஒருவரையாவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்களா?

அப்பா தாராவியிலிருந்து வடாலா வரை தலையில் பாத்திரம் வைத்து இட்லி விற்றவர். மற்றவர்கள் ரப்பர் ஹார்ன் அடிக்கும்போது அவர் வாயால்தான் கூவுவார். ‘இட்லீ...’ என்று அந்த ஈயை இழுத்தால் நான்காவது மாடியில் கதவு திறக்கும். 1998ல் தொண்டையில் புற்றுநோய் என்று பரேலில் அறுவை சிகிச்சை செய்து குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். கழுத்தடியில் காசு அளவுக்கு ஓர் ஓட்டை, மூச்சு அதன் வழியாகத்தான். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே ஒரு சின்ன வால்வு. கட்டைவிரலால் ஓட்டையை மூடினால் நெஞ்சுக் காற்று உணவுக்குழாய்க்குள் திரும்பும், அதன் மேல்பகுதிச் சுவர் அதிரும். அந்த அதிர்வை நாக்கும் உதடும் பேச்சாக்கும். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு மூன்றிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் பட்டு எழுத்தாகிறது என்று தொல்காப்பியப் பிறப்பியல் சொல்கிறது. அப்பாவுக்கு மிடற்றை மட்டும் எடுத்துவிட்டார்கள். மிச்சமெல்லாம் வேலை செய்தது.

மூக்கு வழியே மூச்சு போகாததால் வாசனையும் போய்விட்டது. மாவு புளித்துவிட்டதா என்று அதற்கப்புறம் அம்மாதான் முகர்ந்து சொல்வாள்.

ஆறு மாதத்தில் வீட்டில் அவர் பேசுவது எல்லோருக்கும் புரிந்தது. கரகரவென்று, ஏற்ற இறக்கம் குறைவாக, ஆனால் புரிந்தது. தெருவில் இந்தி பேசினால் பாதி புரியாது. ‘பேசிப் பழகவில்லை’ என்றார்கள் அக்கம்பக்கத்தில். முப்பது வருடம் இந்தியில் வியாபாரம் செய்தவருக்கா பழக்கம் இல்லை?

காரணம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் பிடிபட்டது. ‘ஹ’ என்ற ஒலி குரல்வளையில் பிறப்பது. அவருக்கு அது வரவே வராது. ‘ஹான்’ என்றால் ‘ஆன்’ என்று விழும். குரல்நாண் அதிராத k போன்ற ஒலிக்கும் அதிரும் g போன்ற ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தையும் அவரால் சரியாகக் காட்ட முடியவில்லை. குரல்நாண்கள் சட்டென்று நின்று சட்டென்று அதிர்ந்தால்தானே அந்த வித்தியாசம் கேட்கும்? இந்தியில் சாப்பாட்டையும் (khana) பாட்டையும் (gana) பிரிப்பது முதல் எழுத்து மட்டும்தான். தமிழில் எழுதினால் இரண்டுமே ‘கானா’. நமக்கு ஒரே க. அது எங்கே நிற்கிறது என்பதை வைத்து ஒலியை நாமே சரிசெய்துகொள்வோம். ஹவும் நமக்குப் பெரிதாகத் தேவைப்படாது. குரல்வளை இல்லாத ஒரு மனிதருக்குத் தமிழ் இடம் கொடுத்தது, இந்தி கொடுக்கவில்லை. அதில் இந்தியின் குற்றம் ஒன்றுமில்லை. ஒலிகளை அது பிரித்துவைத்திருக்கும் விதம் அப்படி.

இப்போது சொல்லுங்கள், இது மருத்துவமா, மொழியியலா, சமூகவியலா? வடாலாவில் ஒருவர் அவரிடம் இட்லி வாங்குவதை நிறுத்தியதும் இதில்தான் வருகிறது. கடைசியில் அவரும் ஹார்ன் வாங்கினார். முதல் நாள் அதை வேட்டி மடிப்பில் மறைத்து எடுத்துப்போனார்.

உங்களைத் திட்டுவதாக நினைக்காதீர்கள். நீங்கள் மொழியியல் படித்தவர், தமிழ், இந்தி இரண்டும் தெரிந்தவர், மும்பையிலேயே இருப்பவர். இதை அளந்து பார்க்க உங்களைவிடப் பொருத்தமானவர் யார்? பத்துப் பேரைத் தேடிப்பிடியுங்கள். ஒருவர் கிடைத்தாலும் போதும்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப்பயிற்சி கொடுத்த அம்மா மராத்திக்காரர். அவரிடம் இந்தி, மராத்திச் சொற்பட்டியல்கள் இருந்தன, தமிழ் இல்லை. பதினேழு வயதில் நான் பள்ளி நோட்டில் எழுதிக் கொடுத்தேன்: பட்டு, பாட்டு, பத்து, பாட்டி, கட்டில், கிட்டிப்புள். அப்பாவுக்கு வராத சொல்லுக்கு நேராகப் பென்சிலில் கோடு போட்டிருக்கிறேன். இரண்டு வருடத்துக்கான தேதிகளும் அதில் இருக்கின்றன. நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மாட்டுங்கா வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு பத்து மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன்.